லாட்ஜ் அறை, மிரட்டல் குரல், பீரோவில் ஒரு பென்டிரைவ்

கடிதம் எழுதியவர் 38 வயதுப் பெண். ஒரு பேரூராட்சியில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில், 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்தவர். கணவரைப் பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது, விவாகரத்து வாங்கவில்லை. 14 வயது மகள் இவரோடு இருக்கிறாள். மனைவியை இழந்த 43 வயது அரசு ஊழியர் ஒருவருடன் இரண்டு வருடமாகப் பழக்கம். ஏழு வாரத்துக்கு முன் இருவரும் வேறு ஊரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோது, இரண்டு போலீஸ்காரர்களும் சீருடை இல்லாத ஒருவரும் கதவைத் தட்டி உள்ளே வந்தார்கள். தாலி எங்கே, கல்யாணச் சான்று எங்கே என்று கேட்டு, இருவரையும் கட்டில் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, முக்கால் மணி நேரம் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். சீருடை இல்லாதவர் பேரூராட்சியின் முன்னாள் தலைவருக்கு வலது கை.

பத்து நாளில் அந்தப் படம் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாய்ஸ் நோட்: துணைத் தலைவர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் எங்கள் பக்கம் கை தூக்கு, இல்லாவிட்டால் ராஜினாமா செய், ரெண்டும் இல்லை என்றால் "முழு வீடியோ" வரும். கணவரின் தம்பி, "497 போட்டு உள்ளே தள்ளுவேன்" என்கிறார். இதற்கிடையில் ஆதரவாளர் ஒருவர் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் அதே முன்னாள் தலைவர், முன்பு பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்த ஒரு பெண்ணுடன் இருக்கும் நான்கு நிமிடக் காட்சி. "மேடைக்கு மேடை பண்பாடு பேசுகிறவர், காதலர் தினத்தன்று பூங்காவில் ஜோடிகளை விரட்டியவர். இவர் முகத்தை ஊருக்குக் காட்டுவதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார் வாசகி.

சகோதரி,

கைது செய்வார்களா, பதவி போய்விடுமா, அவர் வேலைக்கு ஆபத்தா, அந்த வீடியோவை வெளியிடலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய நிலையில் உங்களை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய பொருள் உங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அந்த பென்டிரைவ்.

முதலில் கைது பயத்தை முடித்துவிடுவோம். உங்கள் கொழுந்தனார் சொல்லும் 497, பிறர் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு. அது இப்போது சட்டத்தில் இல்லை. ஜோசப் ஷைன் வழக்கில் 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ரத்து செய்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (கீழே வெறும் எண்ணாக வரும் குற்றப் பிரிவுகள் இதில் உள்ளவை) அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. அது உயிரோடு இருந்த காலத்திலும் பெண்ணைத் தண்டிக்க அதில் இடமில்லை. கணவன் புகார் கொடுத்தால் அந்த ஆணைத்தான் தண்டிக்கலாம். கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்றும் அதில் இருந்தது. மனைவியைக் கணவனின் உடைமையாக வைத்துப் பேசிய சட்டம் அது. விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் தோழி, "சுப்ரீம் கோர்ட்டே சரின்னு சொல்லிட்டது, இனி யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. விவாகரத்துக்குக் காரணமாக அது இன்னும் இருக்கிறது. புதிய சட்டத்தின் 84-வது பிரிவும் இருக்கிறது: பிறர் மனைவி என்று தெரிந்தே தகாத உறவு நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துப் போவது, மறைத்து வைப்பது, இரண்டு வருடம் வரை சிறை. ஐந்து வருடமாகத் தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் விஷயத்தில் அது நிற்பது கடினம். ஆனால் உங்கள் நண்பரை ஸ்டேஷனுக்கு அலைய வைக்க அப்படி ஒரு புகார் போதும். அவர் பெயரில் நோட்டீஸ் வந்தால் வாய்ப்பேச்சாகப் போய் நிற்காமல், வக்கீலோடு எழுத்தில் பதில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் "பண்பாடு கெட்டுப்போகிறது" என்று கோர்ட்டுக்குப் போனால்? அதற்கும் நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-ல் ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது 23 குற்ற வழக்குகள் குவிந்தன. பெரும்பாலானவை தமிழ்நாட்டு நீதிமன்றங்களில். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்கள் யாரும் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் ஒழுக்கக் கருத்தை வைத்துக் குற்றவியல் சட்டத்தை ஏவ முடியாது என்பது அதன் சாரம். உங்கள் மேல் அப்படி ஒன்று வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். அதற்கு வழி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவு.

அந்த அறையில் நடந்தது

கல்யாணம் ஆகாத இருவர் லாட்ஜில் அறை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019-ல் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை, அங்கே திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி சீலை எடுக்க உத்தரவிட்டது. ஆபாசச் செயல் என்ற 296-வது பிரிவு, பொது இடத்தில் மற்றவருக்குத் தொந்தரவாக நடப்பதைப் பற்றியது. தாழ்ப்பாள் போட்ட அறை பொது இடம் ஆகாது.

"ரெய்டு" என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட வழி இருக்கிறது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இன்ஸ்பெக்டருக்குக் குறையாத சிறப்பு அதிகாரி வர வேண்டும், அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், கூட இரண்டு பெண் போலீஸ் வர வேண்டும். இப்போது எந்தச் சோதனையையும் வீடியோவாகப் பதிவு செய்வதும் கட்டாயம். உங்களிடம் வந்தது இரண்டு ஆண் காவலரும் ஒரு கட்சிக்காரரும். அதைச் சோதனை என்றே சொல்ல முடியாது. அந்தக் கட்சிக்காரர் நுழைந்தது அத்துமீறல் (329). உங்களை வெளியே விடாமல் வைத்தது சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் (127).

காவலருக்கு இதில் என்ன ஆகும் என்று சந்தேகப்படாதீர்கள். 2001-ல் வடோதராவில், மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஜோடியை இரவில் மடக்கித் தொந்தரவு செய்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் பணிநீக்கத்தை, 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒழுக்கக் காவல் போலீஸின் வேலை அல்ல என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதோடு மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம். லாட்ஜ் ரெஜிஸ்டரில் "மனைவி" என்று எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்துக் குற்ற வழக்கு நிற்பது கஷ்டம். ஆனால் அவருடைய துறை விசாரணையில் "பொய் சொன்னார்" என்று அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். அடையாள அட்டையை மட்டும் கேட்கிற இடத்தில் உறவுமுறை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

மிரட்டலுக்குப் புகார் எழுதும் முறை

உங்கள் வரைவுப் புகாரைப் படித்தேன். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று விளக்கியிருக்கிறீர்கள். அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஒழுக்கத்துக்கு சர்டிபிகேட் கொடுக்க ஸ்டேஷன் தேவையில்லை. நீங்களே அதை ஆரம்பித்து வைத்தால், விசாரணை அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். மிரட்டல் எப்போது வந்தது, எந்த எண்ணிலிருந்து, என்ன கேட்டார்கள், செய்யாவிட்டால் என்ன செய்வோம் என்றார்கள். இந்த நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

பிரிவு விஷயத்திலும் ஒரு திருத்தம். "பிளாக்மெயில்" என்று எழுதி, பணம் பறித்தல் பிரிவைக் கேட்டிருக்கிறீர்கள். 308-வது பிரிவுக்குப் பணமோ சொத்தோ கைமாற வேண்டும். ஓட்டு சொத்து ஆகாது. உங்களுக்குப் பொருந்துவது 351, குற்ற மிரட்டல். அதிலும் மூன்றாவது உட்பிரிவில், ஒரு பெண்ணின் கற்பின் மேல் பழி போடுவதாக மிரட்டினால் ஏழு வருடம் வரை என்று இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் நான்காவது உட்பிரிவு கூடுதலாக இரண்டு வருடம் சேர்க்கிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் சாதாரண இரண்டாவது உட்பிரிவோடு முடித்துவிடுவார்கள்.

குரூப்பில் வந்த படத்தைப் பற்றி: அனுமதியில்லாமல் எடுத்த எல்லாப் படமும் குற்றம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒளிந்து பார்த்தல் என்ற 77-வது பிரிவு, ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும் நிலையைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் பற்றியது; முதல் முறை ஒன்று முதல் மூன்று வருடம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவு அந்தரங்க உறுப்புகளின் படத்துக்கு. நீங்கள் முழு உடையில் நிற்கும் படத்துக்கு இரண்டும் ஒட்டாது. அதற்கு 79-வது பிரிவைக் கேளுங்கள்: பெண்ணை அவமதிக்கும் நோக்கோடு அவள் தனிமையில் தலையிடுவது, மூன்று வருடம் வரை. படத்துக்குக் கீழே எழுதிய வசனத்துக்கு அவதூறு (356) உண்டு. ஆனால் அது போலீஸில் போடும் வழக்கு அல்ல, நீங்களே நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். குரூப் அட்மினை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். அட்மின் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. போட்டவர் யார், ஃபார்வர்டு செய்தவர்கள் யார் என்பதே முக்கியம்.

இப்போது சான்று. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அவமானம் தாங்காமல் குரூப்பை விட்டு வெளியேறி, மெசேஜை அழித்துவிட்டுப் பிறகு புகார் கொடுக்க வருவார்கள். நீங்கள் குரூப்பிலேயே இருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது சேமித்த பெயர் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். வாய்ஸ் நோட்டை வேறு யாருக்கும் அனுப்பாமல் வந்த போனிலேயே வைத்திருங்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும்: ஒன்று போனை வைத்திருக்கும் நீங்கள் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்தக் கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டு எண், எழுத வேண்டும். மூலப் போன் இல்லாவிட்டால் அது சிக்கலாகிவிடும். லாட்ஜின் சிசிடிவி பதிவு இந்நேரம் அழிந்திருக்கலாம். பல இடங்களில் சில வாரத்தில் பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். இருந்தாலும் நாளைக்கே வக்கீல் மூலம், பதிவைப் பாதுகாக்கச் சொல்லி லாட்ஜுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அறைக் கட்டண ரசீதைத் தொலைக்காதீர்கள்.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. உங்களுக்கு மாவட்ட சைபர் குற்றப் பிரிவு வசதி. புகார் வாங்கியதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியாகி வந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவர். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணும் இருக்கிறது.

"முழு வீடியோ" உண்மையிலேயே இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அறைக்குள் ரகசியக் கேமரா வைத்திருந்தாலொழிய அவர்களிடம் இருப்பது அந்த நிற்கும் படம் மட்டும்தான். இல்லாததை ஒட்டுவேலை செய்து உருவாக்கவும் முடியும் என்ற காலம் இது. எதுவாக இருந்தாலும், அப்படி ஒன்று வெளியானால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு உடனே புகார் அனுப்புங்கள். நிர்வாணம், பாலியல் காட்சி, ஒட்டுவேலைப் படம் ஆகியவற்றை, பாதிக்கப்பட்டவர் சொன்ன 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் எல்லை வைத்தன. அப்படியும் பரவினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். 2025 ஜூலையில் ஒரு பெண்ணின் அந்தரங்க வீடியோக்களை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பெயரை மறைத்தே வழக்கு நடத்தலாம்.

அந்த பென்டிரைவ்

இனி நீங்கள் கோபப்படக்கூடிய பகுதி. அந்த வீடியோவை வெளியிடாதீர்கள். நேரடியாகவும் வேண்டாம், போலிக் கணக்கிலும் வேண்டாம், "யாரோ அனுப்பியது" என்று ஃபார்வர்டாகவும் வேண்டாம். பாலியல் காட்சியை மின்னணு வழியில் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவு. முதல் முறையே ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். அதில் இருக்கும் பெண்ணுக்காக 77-வது பிரிவும் சேரும். நான் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன் என்ற வாதம் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023-ல் உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

"அவர் செய்தால் சரி, நான் செய்தால் குற்றமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அவருடைய இரட்டை வேடத்தை ஊருக்குக் காட்ட நீங்கள் எடுக்கும் பொருள் இன்னொரு பெண்ணின் உடம்பு. கர்நாடகத்தின் ஹாசனில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, அந்தத் தொகுதியின் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா சம்பந்தப்பட்ட வீடியோக்கள் பென்டிரைவ்களில் ஊர் முழுக்கச் சிதறின. பெண்களின் முகத்தை யாரும் மறைக்கவில்லை. பரப்பியவர்களுக்கு அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம். அடையாளம் தெரிந்த பெண்கள் ஊரில் தலைகாட்ட முடியாமல் போனார்கள், சிலர் வீட்டை விட்டே போனார்கள். வீடியோவைப் பகிராதீர்கள் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கசியவிட்டவர்கள் மேல் தனி வழக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோது அதற்கு அடிப்படையாக நின்றது வீட்டு வேலை செய்த ஒரு பெண் துணிந்து சொன்ன சாட்சியமும், அவருடைய சேலை உள்ளிட்ட தடயங்களின் ஆய்வும். தெருவில் வீசிய பென்டிரைவ்கள் மட்டுமே எந்தப் பெண்ணுக்கும் நியாயம் வாங்கித் தந்துவிடவில்லை.

அரசியல்வாதிக்கு அந்தரங்கமே கிடையாது என்ற எண்ணமும் சரியல்ல. 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. பொதுப் பதவியில் இருப்பவர் தன் பதவிக் கடமை சம்பந்தமான நடத்தைக்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது. அதற்கு வெளியே அவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் மேடையில் என்ன பேசினார் என்பதை விடுங்கள். அந்தக் காட்சி எடுத்தபோது அவர் தலைவராக இருந்தாரா? அந்தப் பெண்ணின் ஒப்பந்த வேலை அவர் கையில் இருந்ததா?

இரண்டுக்கும் ஆம் என்றால், அந்தப் பெண் சம்மதித்ததுபோல் தெரிவது சம்மதமே ஆகாமல் போகலாம். அதிகாரத்தில் இருப்பவர் தன் பொறுப்பில் இருக்கும் பெண்ணைப் பதவியைக் காட்டி இணங்க வைத்தால் 68-வது பிரிவு; ஐந்து முதல் பத்து வருடம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பொருந்தும். மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும். அந்தப் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் முன்னாள் தலைவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். ஆனால் இதில் முடிவு அந்தப் பெண்ணுடையது. அவர் தன் விருப்பத்தோடுதான் இருந்தார் என்றால், அது உங்கள் லாட்ஜ் அறையைப் போலவே யாரும் தலையிடக் கூடாத விஷயம்.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் போகாதீர்கள். நீங்கள் அந்த முன்னாள் தலைவரின் எதிரி. உங்கள் வாயிலிருந்து வரும் உதவியும் அவருக்கு இன்னொரு மிரட்டலாகத்தான் கேட்கும். இலவசச் சட்ட உதவி மையத்தின் பெண் வக்கீல் ஒருவர், வீடியோவைக் காட்டாமல், இப்படி ஒன்று சுற்றுகிறது, உங்களுக்கு இன்ன உரிமை உண்டு என்று மட்டும் சொல்லட்டும். வெளியே வந்துவிடுமோ என்று அவர் பயந்தால், படத்தைக் கொடுக்காமல் அதன் ஹாஷை மட்டும் பதிவு செய்து பல தளங்களில் ஏறாமல் தடுக்கும் ஸ்டாப்-என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது.

பொள்ளாச்சியை மறந்துவிடாதீர்கள். 2019-ல் வெளிவந்த அந்த வழக்கில் வீடியோவை வைத்துத்தான் பெண்களை அடக்கினார்கள். பல பேர் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. நடுவில் முதல் புகார்தாரரின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டுவிட்டார்கள்; அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே 72-வது பிரிவுப்படி தனிக் குற்றம்.

பென்டிரைவை அழிக்கவும் வேண்டாம். அது குற்றத்தின் சான்றாக இருந்தால், தெரிந்து அழிப்பதும் குற்றம் (238). நகல் எடுக்காமல், கணினியில் மறுபடி போடாமல், ஒரு உறையில் போட்டு ஒட்டி, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். கொடுத்த ஆதரவாளரிடம் இதை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். மிரட்டல் வந்து ஒரு வாரத்தில் கச்சிதமாக உங்கள் கைக்கு இது வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் ஆத்திரத்தில் குரூப்பில் போடுவீர்கள், மறுநாள் காலை உங்கள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும் என்று கணக்குப் போட்டவர் யாராவது இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீட்டுப் பக்கம்

கணவர் விவாகரத்து மனு போட்டால் இந்த உறவைக் காரணமாகக் காட்டலாம். உங்கள் நண்பரும் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்படுவார். நீங்கள் ஜீவனாம்சம் கேட்டாலும் இது குறுக்கே வரும்; தொடர்ந்து அப்படி வாழ்வதைத்தான் சட்டம் தடையாகச் சொல்கிறது, ஒரு சம்பவத்தை அல்ல. ஐந்து வருடம் பிரிந்திருப்பதால் பரஸ்பர சம்மத விவாகரத்துதான் உங்கள் இருவருக்கும் சுலபமான வழி. ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தும். பேச்சை வக்கீல்கள் மூலமே நடத்துங்கள். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொழுந்தனாரோடு போனில் சண்டை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மகள் விஷயத்தில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலன். 14 வயதுப் பெண்ணிடம் நீதிபதியே கேட்பார். வெளியே கேட்பதற்கு முன் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

"கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டால் ஊர் வாய் அடங்கிவிடும்" என்று உங்கள் அக்கா சொன்னாராம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதோடு, இப்போது குற்றமே இல்லாத ஒன்றை அந்தத் தாலி குற்றமாக்கிவிடும். விவாகரத்து ஆகாமல் மறுமணம் செய்தால் 82-வது பிரிவு, ஏழு வருடம் வரை.

உங்கள் நண்பருக்கு இருக்கும் ஆபத்து துறை நடவடிக்கை. 1973-ம் வருட நடத்தை விதிகளில் அரசு ஊழியருக்குத் தகாத நடத்தை என்று ஒரு விதி இருக்கிறது. அதை வைத்து 17-பி மெமோ, அதாவது கடும் தண்டனைக்கு வழிவைக்கும் துறைக் குற்றச்சாட்டு, தரலாம். மொட்டைக் கடிதம் போயிருந்தாலும் விளக்கம் கேட்பார்கள். அவர் உறவை மறுத்துப் பொய் எழுதவும் வேண்டாம், ஒப்புக்கொண்டு கதை எழுதவும் வேண்டாம். பணி நேரத்துக்கு வெளியே நடந்த தனிப்பட்ட விஷயம், அரசுப் பணியோடு தொடர்பு இல்லை, மிரட்டல் குறித்துப் புகார் நிலுவையில் இருக்கிறது என்று மூன்று வரி போதும். அன்று அவர் விடுப்பு எடுத்திருந்தாரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் வந்திருந்தால், அவர்கள் பிடிக்கப்போவது அதைத்தான்.

பதவி

யாருடன் பழகுகிறீர்கள் என்பதை வைத்து உங்கள் உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. கட்சி உங்களை நீக்கலாம். நீக்கினாலும் நீங்கள் உறுப்பினர்தான். கட்சித் தாவலுக்கான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது. சமாதானம் பேசுகிறேன் என்று வருகிற யாருக்கும் வெற்றுத் தாளிலோ தேதி போடாத கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் ராஜினாமாவாக செயல் அலுவலர் மேசைக்குப் போய்ச் சேரும். ஊரில் கேட்டால் ஒரே பதில் போதும்: "என்னை மிரட்டியதற்குப் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது." எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. வெட்கத்தால் கடந்த இரண்டு மன்றக் கூட்டத்துக்கும் போகவில்லை என்கிறீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவியை இழப்பார். படமோ, வாய்ஸ் நோட்டோ, கொழுந்தனாரோ செய்ய முடியாததை நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பது செய்துவிடும்; அவர்கள் அதற்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தின் தேதியைச் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றைக்குச் சீக்கிரமே போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்காருங்கள்.